யந்திரத்தைத் துடைக்கும் அரை மணி நேரம் யார் கணக்கில்?

அறுவடை யந்திரம் ஒரு வயலை முடித்துவிட்டு வரப்பேறி அடுத்த வயலுக்குப் போகிறது. நெல்லையெல்லாம் டிராக்டர் பெட்டியில் கொட்டியாயிற்று, தொட்டி காலி என்று டிரைவர் சொல்கிறார். நிலத்துக்காரரும் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டுகிறார். தொட்டி காலிதான். ஆனால் யந்திரத்தின் வயிறு காலியா?

காலியில்லை. கதிரை வெட்டும் கத்தித் தட்டிலும், வெட்டிய கதிரை உள்ளே தள்ளும் திருகிலும், கதிரடிக்கும் உருளைக்கு அடியிலும், சல்லடைகளின் மேலும், நெல்லை மேலே தூக்கிப் போகும் எலிவேட்டரின் அடிக்குழியிலும், செயினில் அப்பிக்கொண்ட சேற்றிலும் முன் வயலின் சரக்கு தங்கி நிற்கிறது. அதில் நெல் உண்டு, பதர் உண்டு, தூள் வைக்கோல் உண்டு. அவற்றோடு சேர்ந்து களை விதையும் உண்டு. அடுத்த வயலில் யந்திரம் உறுமிக்கொண்டு இறங்கியதும், முதல் பத்து நிமிஷத்தில் இவையெல்லாம் காற்றோடு காற்றாக அந்த மண்ணில் விதைக்கப்படுகின்றன. விதைக்கூலி கேட்காத விதைப்பு!

இது ஏதோ கைப்பிடி அளவு விஷயம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அமெரிக்க விவசாயக் கல்லூரிகளின் விரிவாக்கப் பிரிவினர் இதற்குக் கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே ஓடும் பெரிய கம்பைன் யந்திரத்தில், தொட்டியை முழுவதும் கொட்டிய பிறகும், 125 முதல் 150 பவுண்டு வரை சரக்குத் தங்கக்கூடும் என்கிறார்கள். நம் கணக்கில் 57 முதல் 68 கிலோ. நமது சேற்று வயல்களில் ஓடும் செயின் வண்டி அவ்வளவு பெரிதல்ல. அதில் கால் பங்குதான் தங்குகிறது என்று வைத்துக்கொண்டாலும் 15 கிலோ ஆயிற்று.

இதை இன்னொரு கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சான்று பெற்ற நெல் விதையில் ஒரு கிலோவுக்கு 20 களை விதைக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்தியாவின் விதைச் சான்று விதி. அதிலும் காட்டுநெல் 5 விதைக்கு மேல் கூடாது. ஆதார விதை என்றால் இன்னும் கடுமை: களை விதை 10, காட்டுநெல் 2. மூட்டையில் கட்டி விற்கிற விதைக்கு 1966லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் இரும்பு வயிற்றில் ஏறி ஊர் ஊராகப் போகிற விதையை எண்ணிப் பார்ப்பார் யாருமில்லை. விவசாயி கடன் வாங்கி, சீட்டுக் கட்டிய விதையை வாங்கி விதைக்கிறான். அறுக்கும்போது அடுத்த போகத்துக்கான களையை யந்திரம் இனாமாகக் கொடுத்துவிட்டுப் போகிறது.

அரிவாளால் அறுத்த காலத்திலும் களை இருந்தது, பரவவும் செய்தது. அதை நாம் மறுக்கவில்லை. வாய்க்கால் தண்ணீரில் வரும், மாட்டுச் சாணத்தில் வரும், கலப்பு விதையில் வரும். ஆனால் அப்போது கதிரைக் கட்டாகக் கட்டித் தலைச்சுமையாகக் களத்துக்குக் கொண்டுபோனோம். களத்திலே அடித்தோம், தூற்றினோம். களை விதையில் பெரும்பங்கு களத்து மேட்டில் பதரோடும் சண்டோடும் குவிந்து கிடந்தது. எருக்குழிக்குப் போனால்தான் திரும்பி வயலுக்கு வரும். இப்போது களமும் வயலும் ஒன்றாகிவிட்டன. யந்திரம் ஓடிக்கொண்டே அறுக்கிறது, ஓடிக்கொண்டே அடிக்கிறது, ஓடிக்கொண்டே தூற்றுகிறது. தூற்றியதை நிலத்தின் மீதே வீசிக்கொண்டு போகிறது. ஒரு மூலையில் முளைத்திருந்த குதிரைவாலிப் புல்லின் விதையை நாலு மூலைக்கும் சமமாகப் பங்கு போடுகிறது. மிச்சத்தை அடுத்த ஊருக்கு எடுத்துப் போகிறது.

நடவு வயலில் இறங்கிக் களை பறித்த நமது சகோதரிகளுக்குக் குதிரைவாலிப் புல்லைப் பற்றி நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. இளம் பயிரில் அது நெல்லைப் போலவே நிற்கும். அடித்தாளைத் தடவிப் பார்த்துத்தான் இது புல், இது நெல் என்று பிரிக்க முடியும். தவறவிட்ட ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். நெல் அறுவடைக்கு வருமுன்பே ஒரு பங்கை உதிர்த்துவிடும். உதிராமல் கதிரோடு நிற்பதுதான் யந்திரத்தின் வாய்க்குள் போகிறது.

அதைவிடப் பொல்லாதது களைநெல். பக்கத்து மலையாள நாட்டில் இதை வரிநெல்லு என்கிறார்கள். இதுவும் நெல் ஜாதிதான். பயிரோடு பயிராக வளரும், ஆனால் முதிர்ந்ததும் தானே உதிர்ந்துவிடும். அரிசி பெரும்பாலும் சிவந்திருக்கும். நெல்லுக்குள்ளே ஒளிந்திருக்கும் இந்த நெல்லை எந்தச் சாதாரணக் களைக்கொல்லியாலும் பிரித்துக் கொல்ல முடியாது. மருந்துக்கு இரண்டும் ஒன்றுதான். நாற்றுவிட்டு நடுகிற வயலில் தேங்கி நிற்கும் தண்ணீரும் முந்திக்கொண்ட நாற்றும் இதை ஓரளவு அடக்கிவைக்கும். நேரடி விதைப்பு அதிகமான இடங்களிலே இதற்குக் கொண்டாட்டம். மேட்டூர்த் தண்ணீர் நேரத்துக்கு வராத ஆண்டுகளில், நாற்றுவிட வழியின்றிப் புழுதியிலே விதைக்கும் ஏழைச் சாகுபடிக்காரனின் நிலத்தைத்தான் இது முதலில் பிடித்துக்கொள்ளும்.

சரி, இந்த நஷ்டம் யார் தலையில் விழுகிறது?

யந்திரத்தின் சொந்தக்காரர் தலையில் இல்லை. அவர் மணிக்கணக்கில் வாடகை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். களை முளைக்கும்போது அவருடைய வண்டி எந்த ஜில்லாவில் ஓடுகிறதோ! நூறு ஏக்கர் வைத்திருப்பவரும் சமாளித்துக்கொள்வார். அவரால் சொந்தமாக யந்திரம் வைத்துக்கொள்ள முடியும். வாடகைக்குப் பிடித்தாலும் ஒரே வண்டி அவருடைய நிலத்திலேயே நாள் முழுதும் ஓடும். வாரக் குத்தகைக்காரன், ஒரு ஏக்கர் அரை ஏக்கர் வைத்திருப்பவன், இவனுடைய வயலுக்குத்தான் யந்திரம் பத்து வயலின் அழுக்கோடு வந்து சேர்கிறது. புரோக்கர் எப்போது அனுப்புகிறாரோ அப்போதுதான் அவனுக்கு வண்டி. கடைசியில் வரும் வண்டி எல்லோருடைய களையையும் சுமந்துகொண்டு வரும்.

கொள்முதல் நிலையத்திலும் இவன்தான் மாட்டிக்கொள்கிறான். அங்கே கழிவுக்கு விதி வைத்திருக்கிறார்கள்: கல், மண் போன்றவை நூற்றுக்கு 1 பங்கு, பதர், புல், பிற விதை போன்றவை நூற்றுக்கு 1 பங்கு, தாழ்ந்த ரகக் கலப்பு 6 பங்கு, ஈரம் 17 பங்கு. இதற்கு மேல் போனால் தூற்றிக்கொண்டு வா என்று திருப்புகிறார்கள். அடுத்தவன் வயலின் கலப்பு நெல்லும் புல் விதையும் யந்திரத்தின் வழியாக இவன் குவியலில் விழுந்திருந்தால் அதற்கு யார் பொறுப்பு? நிலையத்து வாசலில் மழையில் நனைந்துகொண்டு தூற்றுகிறவன்தான் பொறுப்பு!

இங்கே விவசாயத் தொழிலாளித் தோழர்கள் சிலருக்கு ஒரு சந்தேகம் எழும். எழவேண்டிய சந்தேகம்தான். அறுவடைக் கூலியை யந்திரம் பிடுங்கிக்கொண்டது. நடவிலும் யந்திரம் வந்துவிட்டது. நம் பெண்களுக்கு மிஞ்சியிருப்பது களையெடுப்பு ஒன்றுதான். களை குறைந்தால் அந்தக் கூலியும் போகாதா? திருவாரூர்ப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நாம் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது வயதான ஓர் அம்மாள் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார்: “ஏன் தம்பி, புல்லு மொளைச்சாத்தானே எங்களுக்குச் சோறு? அதையும் வராம பண்ணச் சொல்றீங்களா?”

அவர் பக்கத்திலிருந்த இன்னொரு பெண்தான் இதற்குப் பதில் சொன்னார். “புல்லு மட்டா மொளைச்சா நம்மள கூப்புடுவான் அக்கா. காடா மொளைச்சா மருந்துக்காரனைத்தான் கூப்புடுவான்.”

இதைவிடத் தெளிவாக நம்மால் சொல்ல முடியாது. ஏக்கருக்குப் பத்துப் பெண்கள் ஒரு நாளில் பறித்து முடிக்கக்கூடிய களை என்றால் விவசாயி ஆள் வைப்பான். இரண்டு நாளிலும் முடியாது, பறித்த பின்னும் கிளம்பிவிடும் என்றால் அவன் களைக்கொல்லிக் கடைக்குப் போவான். ஒரு முறை போனவன் ஒவ்வொரு போகமும் போவான். மருந்தடிக்க ஒரே ஓர் ஆள் போதும். அந்த ஆளும் கையுறை, முகமூடி இல்லாமல், தோளில் தெளிப்பானைச் சுமந்து விஷத்தைச் சுவாசிக்கிற ஒரு ஏழைதான். வருஷா வருஷம் ஒரே மருந்தை அடித்தால் அதற்கு அடங்காத களை தலைதூக்கும். பிறகு அதைவிடக் காட்டமான மருந்து. இப்போது களைக்கொல்லியைத் தாங்கி நிற்கும் நெல் ரகங்களும் வந்துவிட்டன. இந்திய விவசாய ஆராய்ச்சி நிலையம் 2021ல் அப்படிப்பட்ட இரண்டு பாசுமதி ரகங்களை வெளியிட்டது. மருந்தைத் தாங்கும் அந்தக் குணம் மகரந்தத்தோடு களைநெல்லுக்கும் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்ற கவலை விஞ்ஞானிகளுக்கே இருக்கிறது. ஆகவே களை பெருகுவது மருந்துக் கம்பெனியின் லாபமே தவிர, களை பறிக்கும் கூலியின் லாபம் அல்ல.

இனி டிரைவரைப் பற்றி.

ஊரில் களை முளைத்ததும் முதல் வசவு டிரைவருக்குத்தான். “வெளியூர்க்காரன், நம்ம மண்ணைக் கெடுத்துட்டான்” என்கிறார்கள். இதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. சேலம், பெரம்பலூர்ப் பக்கங்களிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் சம்பா அறுவடைக்கு வரும் இந்த இளைஞர்கள் யார்? மாதக்கணக்கில் வீட்டை விட்டு வந்து, வயல் மேட்டிலே சமைத்துத் தின்று, வண்டிக்கடியிலே படுத்துத் தூங்குகிற தொழிலாளிகள். மணிக்கு இவ்வளவு என்று பேட்டாவை எண்ணி வாழ்கிறவர்கள். மீட்டர் ஓடினால்தான் சொந்தக்காரருக்கு வாடகை, டிரைவருக்குப் பேட்டா. சொந்தக்காரருக்குப் பின்னால் வண்டிக் கடனுக்குத் தவணை கேட்டுக்கொண்டு பைனான்ஸ்காரன் நிற்கிறான். வண்டியை நிறுத்தித் துடைக்கிற அரை மணி நேரத்துக்குப் பணம் தருவார் யாருமில்லை. சம்பளமில்லாத அந்த வேலையை, ராத்திரி பத்து மணி வரை ஓட்டியவன் தன் தூக்கத்திலிருந்து எடுத்துச் செய்யவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

மில் தோழர்கள் இதைச் சட்டென்று புரிந்துகொள்வார்கள். ஸ்பின்னிங் மில்லில் ஒரு மிக்சிங்கை விட்டு வேறு மிக்சிங்குக்கு மாறும்போது, பழைய பஞ்சை யந்திரத்தில் வைத்துக்கொண்டே புதிய பஞ்சை யாராவது போடுவார்களா? புளோரூமிலிருந்து கார்டிங் வரை துடைத்து எடுத்த பிறகுதான் அடுத்தது. ஒரு வண்ணப் பஞ்சு வெள்ளை நூலில் கலந்துவிட்டால் முதலாளிக்கு நூல் திரும்பி வந்துவிடும். தன் லாபம் கெடும் என்றதும் முதலாளி யந்திரத்தைத் துடைக்க நேரம் ஒதுக்கத்தான் செய்கிறான். ஆனால் அந்த நேரத்தை யார் தலையில் கட்டுவது என்பதில்தான் பழைய சண்டையெல்லாம். தொழிற்சாலைகளில் யந்திரத்தைத் துடைக்கும் வேலை பெரும்பாலும் தொழிலாளியின் ஓய்வு நேரத்தில் இனாமாக நடக்கிறது, அல்லது யந்திரம் ஓடும்போதே நடக்கிறது, விபத்துக்களில் பெரும்பாலானவை அதனால்தான் என்று மார்க்ஸ் “மூலதனம்” இரண்டாம் பாகத்திலேயே எடுத்துக்காட்டியிருக்கிறார். ஓடுகிற யந்திரத்தைத் துடைக்கப் பெண்களையும் சிறுவர்களையும் விடக்கூடாது என்று நம் நாட்டிலும் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 22ஆவது பிரிவில் எழுதவேண்டி வந்தது. விரல் போனவர்களும் கை போனவர்களும் இல்லாமலா அந்தப் பிரிவு வந்திருக்கும்?

மில்லில் யந்திரம் சுவருக்குள் நிற்கிறது. துடைக்காததன் விளைவு அந்த மில்லின் நூலிலேயே தெரிந்துவிடுகிறது. அறுவடை யந்திரமோ நாடோடி. துடைக்காத பலன் வேறு ஒருவனுடைய நிலத்தில், ஆறு மாதம் கழித்து, பச்சைப் பசேலென்று தெரியும். லாபம் ஒருவனுக்கு, விளைவு இன்னொருவனுக்கு என்று இருக்கும்வரை நல்ல மனசை நம்பிப் பயனில்லை. விதி வேண்டும்.

“அதெல்லாம் நடக்கிற காரியமா?” என்று கேட்பார்கள். வேறு நாடுகளில் நடக்கிறது. ஆஸ்திரேலியாவின் கதை நமக்கு ரொம்பப் பொருந்தும், ஏனென்றால் அந்தக் கதையில் வரும் பூண்டு நம் ஊர்ப் பார்த்தீனியம்தான். நம் நாட்டில் 1955ல் புனாவில் அதைக் கண்டு எழுதினார்கள். அமெரிக்காவிலிருந்து பி.எல். 480 ஒப்பந்தத்தில் வந்த கோதுமையோடு வந்தது என்றே பரவலான பேச்சு. அதற்கு முன்பே இங்கே ஒன்றிரண்டு இடங்களில் இருந்தது என்று சொல்லும் தாவரவியலாரும் உண்டு. வடநாட்டு ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் காங்கிரஸ் புல்! எப்படி வந்திருந்தாலும், இன்று அது இல்லாத ரோட்டோரம் நம் நாட்டில் அபூர்வம். அதைப் பிடுங்கிய கையில் அரிப்பும் புண்ணும், நெஞ்சில் இளைப்பும் வருவதை அனுபவித்தவர்கள் நம்மிடையே ஏராளம்.

ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து மாநிலத்துக்கு அது இரண்டு தடவை வந்தது. யுத்த காலத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த விமானச் சாமான்களோடும் யந்திரச் சாமான்களோடும் ஒட்டிக்கொண்டு வந்த பூண்டை 1955ல் கண்டுபிடித்தார்கள். 1960ல் டெக்ஸாஸிலிருந்து வந்த மேய்ச்சல் புல் விதையில் கலந்து மறுபடியும் வந்தது. எழுபதுகளில் அது மேய்ச்சல் நிலங்களில் காடாகப் பரவியது. பக்கத்து மாநிலமான நியூ சவுத் வேல்ஸ் என்ன செய்தது? குவீன்ஸ்லாந்திலிருந்து எல்லை தாண்டி வரும் அறுவடை யந்திரம் துப்புரவாக இருக்கவேண்டும், சோதனைக்கு உட்படவேண்டும் என்று சட்டம் போட்டது. யந்திரங்களைக் கழுவுவதற்கென்றே குவீன்ஸ்லாந்தில் பல ஊர்களில் கழுவுமிடங்கள் கட்டியிருக்கிறார்கள். அங்கே இருப்பதும் முதலாளிகளின் சர்க்கார்தான். பெரிய பண்ணைக்காரர்களின் நிலத்துக்கு ஆபத்து என்றதும் சட்டம் ஓடி வந்தது, அவ்வளவே.

இன்னும் வேடிக்கை கேளுங்கள். மேல் நாடுகளில் பங்களா வாசலில் அழகுக்காகப் புல் வளர்த்து, அதை மட்டமாக வெட்ட ஆள் வைக்கிறார்கள். அந்தப் புல் வெட்டும் சிறு யந்திரத்தைக் கூட, ஒரு வீட்டு வாசலிலிருந்து இன்னொரு வீட்டு வாசலுக்குப் போகுமுன் தட்டியும் ஊதியும் சுத்தம் செய்யவேண்டும், இல்லாவிட்டால் ஒரு வீட்டுக் களை மறு வீட்டுக்குப் போய்விடும் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். மாடு கூட மேயாத அலங்காரப் புல்லுக்குக் கிடைக்கும் மரியாதை, உலகத்துக்குச் சோறு போடும் நெல் வயலுக்கு இங்கே கிடையாது.

நம்மிடம் சட்டமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1919லேயே சென்னை மாகாணத்தில் பயிர்ப் பூச்சி, நோய், கேடு தரும் களை இவை பரவாமல் தடுக்க ஒரு சட்டம் போட்டார்கள். ஒரு களையை அபாயகரமானது என்று சர்க்கார் அறிவித்து, அதை ஒழிக்க நடவடிக்கை எடுக்க உத்தரவிடலாம். ஆனால் அது வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். நிலத்தை வைத்திருப்பவனைப் பார்த்து “உன் நிலத்துக் களையை நீ ஒழி” என்று பேசுகிற சட்டம். நிலம் நகராது. நகர்கிற யந்திரத்தைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசுகிற விதிதான் நமக்கு இப்போது வேண்டும்.

எவ்வளவு நேரம் பிடிக்கும் இந்தத் துப்புரவு? வாரக்கணக்கில் பட்டறையில் நிறுத்திப் பிரித்துப் போடும் வேலையை நாம் கேட்கவில்லை. வயலுக்கு வயல் செய்யக்கூடிய சுருக்கமான முறை ஒன்று உண்டு. பெரிய யந்திரத்துக்கே கால் மணியிலிருந்து அரை மணி போதும் என்கிறார்கள். அறுத்து முடித்த வயலின் ஓரத்திலேயே, அந்த வயலின் அழுக்கு அந்த வயலிலேயே விழும்படி, வண்டியை நிறுத்த வேண்டும். இஞ்சினை அணைத்துவிட்டு, எலிவேட்டர்களின் அடிக்கதவு, தொட்டித் திருகின் அடிக்கதவு எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும். பிறகு ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லி, காற்றாடியை முழு வேகத்தில் வைத்து, கதிரடிக்கும் உருளையை இரண்டு நிமிஷம் வெறுமனே ஓடவிட வேண்டும். உள்ளே இருப்பதில் பெரும்பகுதி தானே வெளியே வந்துவிடும். மறுபடி இஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கத்தித் தட்டையும் சல்லடை ஓரங்களையும் காற்றடித்தோ துடைப்பத்தாலோ தட்டி விடவேண்டும். செயினில் ஒட்டிய சேற்றைச் சுரண்டித் தள்ளவேண்டும். கடைசியாகக் கதவுகளை மூட மறக்கக்கூடாது. மறந்தால் அடுத்தவன் நெல் தரையில் கொட்டும், அடி டிரைவருக்கு விழும்.

சாவியை எடுப்பது பற்றி இரண்டாம் முறையும் சொல்கிறோம். உருளையும் வைக்கோல் வெட்டும் கத்தியும் சுற்றும்போது கையை உள்ளே விடச் சொல்லி எந்த நிலத்துக்காரர் அவசரப்படுத்தினாலும் டிரைவரும் கிளீனரும் மறுக்கவேண்டும். தூசிக்கு மூக்கில் துணியாவது கட்டிக்கொள்ள வேண்டும். இந்தத் துப்புரவால் டிரைவருக்கும் ஒரு நன்மை உண்டு. இஞ்சினையும் புகைக்குழாயையும் சுற்றிக் காய்ந்த தூசியும் வைக்கோலும் அடைந்திருந்தால் வண்டி தீப்பிடிக்கும். துடைத்த வண்டியில் அந்தப் பயம் குறைவு.

மழை இருட்டிக்கொண்டு வரும்போது, கதிர் சாய்ந்து தண்ணீரில் கிடக்கும்போது, இந்த அரை மணி நேரத்தை யாரும் தரமாட்டார்கள். தரச் சொல்வதும் நியாயமில்லை. அப்படிப்பட்ட நாளில் ஒரு ஊரை முடித்து மறு ஊருக்குக் கிளம்பும்போதாவது செய்யட்டும். ஜில்லா எல்லை தாண்டி வரும் வண்டி மட்டும், மழையோ வெயிலோ, துடைக்காமல் வயலில் இறங்கக்கூடாது. லாரியில் ஏற்றிக்கொண்டு பல மைல் வருகிற வண்டிக்கு ஒரு மணி நேரம் பெரிதல்ல. இன்னொன்று, ஒரு ஊருக்குள்ளேயே களை குறைந்த வயல்களை முதலில் அறுத்து, களை மிகுந்ததைக் கடைசிக்கு வைத்தால் பாதிச் சங்கடம் தீர்ந்தது. இதற்குச் செலவு ஒரு பைசா இல்லை. ஊர் கூடி வரிசை போடவேண்டும், புரோக்கர் போடுகிற வரிசைக்கு விட்டுவிடக்கூடாது.

இதையெல்லாம் விட மேலான ஒரு வேலை உண்டு. அது நம் தொழிலாளிகளின் வேலை. அறுவடைக்குப் பத்து நாள் முன்பு வயலில் இறங்கிக் கலவனையும், தலை நீட்டி நிற்கும் குதிரைவாலிக் கதிரையும், களைநெல்லையும் அறுத்து வெளியே கொண்டுவருவது. விதைப் பண்ணைகளில் இதைக் கட்டாயம் செய்கிறார்கள். விதைப் பண்ணைக்குத் தேவையானது சாப்பாட்டு நெல் பண்ணைக்குத் தேவையில்லையா? யந்திரத்துக்குள் போகாத விதையை யந்திரத்திலிருந்து துடைக்கவேண்டியதில்லை. ஏக்கருக்கு இரண்டு பேருக்கு ஒரு நாள் வேலை என்றாலும், அறுவடைக் கூலியை இழந்த நம் பெண்களுக்கு டெல்டா முழுவதும் எத்தனை நாள் வேலை! சிறு விவசாயிக்கு இந்தக் கூலியைச் சர்க்கார் மானியமாகத் தரவேண்டும். களைக்கொல்லிக்கு மானியம் தரக் கை நீளும்போது, களை பறிக்கும் கைக்கு மட்டும் ஏன் சுருங்கவேண்டும்?

இவற்றை எங்கே கேட்பது? இடம் தயாராக இருக்கிறது. சம்பா அறுவடை நெருங்கும்போது டெல்டா ஜில்லாக்களில் கலெக்டர்கள், யந்திரச் சொந்தக்காரர்களையும் விவசாயிகளையும் அதிகாரிகளையும் கூட்டிவைத்து, செயின் வண்டிக்கு மணிக்கு இவ்வளவு, டயர் வண்டிக்கு இவ்வளவு என்று வாடகை பேசி அறிவிப்பது பல ஆண்டுகளாக நடக்கும் பழக்கம். அந்த அறிவிப்புத் தாளில் இன்னும் நாலு வரி ஏறவேண்டும் என்பதே நமது கோரிக்கை. ஒரு சாகுபடிக்காரரின் நிலத்திலிருந்து வேறொருவர் நிலத்துக்குப் போகுமுன் வண்டியைத் துடைக்கவேண்டும். துடைக்கும் நேரத்துக்கு டிரைவருக்கும் கிளீனருக்கும் முழுப் பேட்டா உண்டு. அதைச் சொந்தக்காரர் தரவேண்டும், சிறு விவசாயியின் மீட்டரில் ஏற்றக்கூடாது. விவசாயப் பொறியியல் இலாகாவின் சொந்த வண்டிகள் முதலில் இதைச் செய்து காட்டவேண்டும். இலாகாவின் கொட்டகைகளிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் காற்றடிக்கும் கம்ப்ரஸரும் தண்ணீரும் வைத்து, எந்த வண்டி வந்தாலும் இலவசமாகக் கழுவ விடவேண்டும். அந்தக் கழிவு நீர் வாய்க்காலில் போய் விழாமல் குழியில் தேங்கவேண்டும், இல்லையென்றால் களைக்கு வாகனம் மாறியதுதான் மிச்சம்.

சொந்தக்காரர்கள் மறுப்பார்கள். டீசல் விலையைச் சொல்வார்கள், தவணையைச் சொல்வார்கள். அவர்களில் ஒரே வண்டியைக் கடனில் வாங்கித் தானும் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய கஷ்டம் பொய்யல்ல. கழுவுமிடத்தை இலவசமாக்கு என்று அவர்களும் நம்மோடு சேர்ந்து கேட்கலாம். பத்து வண்டி வைத்து மூன்று மாநிலத்தில் ஓட்டுகிறவரின் கண்ணீரைப் பார்த்து நாம் உருகவேண்டியதில்லை.

கூட்டத்துக்குப் போகும் தோழர்கள் வெறுங்கையோடு போகவேண்டாம். டிரைவர்களில் இருவரையாவது கூட அழைத்துப் போங்கள். எந்தக் கதவைத் திறந்தால் எவ்வளவு கொட்டும் என்பதை அவர்களைப் போல் யாரால் சொல்ல முடியும்? குறுவை அறுவடையிலேயே, ஊருக்கு ஒரு வண்டியையாவது, டிரைவருக்கு டீயும் அரை மணி பேட்டாவும் சங்கத்திலிருந்து கொடுத்து, வயலோரம் நிறுத்துங்கள். அடியில் படுதாவை விரித்து, கதவுகளைத் திறந்துவிட்டு, விழுவதையெல்லாம் கூட்டி எடை போடுங்கள். நெல் எவ்வளவு, பதர் எவ்வளவு, புல் விதை எவ்வளவு என்று களை பறிக்கும் பெண்களை வைத்தே பிரித்துப் பாருங்கள். ஊர்ப் பெயர், தேதி, வண்டி அதற்கு முன் அறுத்த ஊர் எது என்பதை ஒரு சீட்டில் எழுதிச் சாக்கில் கட்டுங்கள். வாடகை பேசும் நாளில் அந்தச் சாக்குகளைக் கலெக்டர் மேஜை முன்னால் கொண்டுபோய் இறக்குங்கள்.